கோய்டரின் கோடு: விசுவாசத்திற்கும் துணிகரத்திற்கும் நடுவே



இவ்வாரம் வேதத்தின் ஒரு சத்தியத்தை ஒரு சரித்திரத்தோடு சேர்த்துத் தியானிக்க விரும்புகிறேன். அது மழையைப் பற்றிய சரித்திரம். மழை பெய்யாத ஆண்டுகளைக் காட்டிலும், நன்றாகப் பெய்த சில ஆண்டுகளே ஒரு ஜனத்தை அதிகமாய்ச் சோதித்த சரித்திரம் என்றும் அதைச் சொல்லலாம்.

முன்மாரி, பின்மாரி என்னும் சொற்கள் வேதத்தை வாசிக்கிற நமக்குப் பழக்கமானவை. கானான் தேசத்தில் கோடைகாலம் முழுவதும் மழை இல்லை. அக்டோபர், நவம்பர் மாதங்களில் முதல் மழை விழுந்து, காய்ந்து இறுகிய நிலத்தை உழவுக்கு இளக்கும். குளிர்காலம் முழுவதும் மேற்கேயுள்ள கடலிலிருந்து மழைமேகங்கள் விட்டுவிட்டு வரும். மார்ச், ஏப்ரலில் கடைசி மழை பெய்து கதிர்மணியைத் திரளச் செய்யும். இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் களஞ்சியம் வெறுமையாகும். எகிப்தைப்போல ஆற்றுநீரைப் பாய்ச்சிப் பயிர் செய்யும் தேசம் அதுவன்று, வானத்தையே நோக்கியிருக்கும் தேசம் என்று மோசே இஸ்ரவேலருக்கு முன்னதாகவே எடுத்துரைத்தார் (உபாகமம் 11:10-14). நம் பெரியவர்கள் "வானம் பார்த்த பூமி" என்று சொல்வது அத்தகைய நிலத்தைத்தான்.

அதே வகையான வானிலை பூமியின் மறுபாதியிலும் உண்டு. ஆஸ்திரேலியாவின் தென்கரையில், தென் ஆஸ்திரேலிய மாநிலத்தில், அடிலெய்டு நகரைச் சுற்றியுள்ள நாட்டைப் பாருங்கள். எருசலேமிலும் அடிலெய்டிலும் ஓர் ஆண்டில் பெய்யும் மழை 500 மி.மீ.-க்குச் சற்று மேல்தான். இரண்டிலும் மழை குளிர்காலத்தில்தான் வருகிறது. தெற்கே காலங்கள் தலைகீழாக இருப்பதால், அங்கே முன்மாரி ஏப்ரல், மே மாதங்களிலும், பின்மாரி செப்டம்பர், அக்டோபரிலும் விழுகின்றன. நவம்பர், டிசம்பரில் கோதுமை அறுவடை. கோடையில் உயர் அழுத்தக் காற்றுமண்டலம் தென்கரையின்மேல் வந்து அமர்ந்து, மேகங்களை அண்டவிடாமல் தடுக்கிறது. குளிர்காலத்தில் அது வடக்கே விலகும்போது, தென்கடலிலிருந்து மேலைக்காற்று மழையைச் சுமந்து நிலத்துக்குள் நுழைகிறது.

ஆனால் அந்தக் காற்று வடக்கே செல்லச்செல்லத் தன் ஈரத்தை இழக்கிறது. கடற்கரைக்கு அருகில் நிறைவாகப் பெய்யும் மழை, சில நூறு கிலோமீட்டர் உள்நாட்டில் பாதியாகக் குறைகிறது. இன்னும் வடக்கே போனால், பெய்யும் என்ற நிச்சயமே போய்விடுகிறது. பெயெர்செபாவுக்குத் தெற்கே வயல்வெளி வனாந்தரமாக மாறுவதுபோலவே அங்கும் நடக்கிறது. எங்கே வயல் முடிந்து வனாந்தரம் தொடங்குகிறது என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்கு ஒரு மனிதர் குதிரையின்மேல் அலைந்து திரிந்து விடை கண்டார். அவர் சொன்னதை ஜனங்கள் கேட்கவில்லை.

ஏமாந்து, கற்றுக்கொண்ட மனிதர்

அவர் பெயர் ஜார்ஜ் வுட்ரோஃப் கோய்டர். 1826-இல் இங்கிலாந்தின் லிவர்பூலில் பிறந்தவர். 1851-இல் அடிலெய்டுக்கு வந்து, அரசின் நிலஅளவைத் துறையில் சேர்ந்தார். தென் ஆஸ்திரேலியக் குடியேற்றம் அப்போது மிக இளையது. அது 1836-இல்தான் நிறுவப்பட்டிருந்தது. வடக்கே ஃப்ளிண்டர்ஸ் மலைத்தொடருக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது அங்கே குடியேறியவர்களுக்குத் தெளிவாகத் தெரியாது. ஆனால் அந்நிலத்தில் காலங்காலமாய் வாழ்ந்துவந்த அட்னியமதன்ஹா மக்களுக்கு ஒவ்வொரு நீரூற்றும் தெரியும். மழைக்கும் நீருக்கும் ஏற்ப இடம்பெயர்ந்து, எந்த இடத்தையும் அதன் பலத்துக்கு மிஞ்சி நெருக்காமல் வாழ்ந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய நிலத்தைத்தான் வந்தவர்கள் அளந்தார்கள். ஆனால் அவர்களுடைய அறிவைக் கேட்டறிய நாடியவர்கள் மிகச் சிலரே.

1857-ஆம் ஆண்டில் கோய்டர் வடக்கே பயணம் செய்தார். அது மழை பெய்து முடிந்திருந்த நேரம். எங்கும் பசும்புல். பெரிய ஏரி ஒன்றில் நன்னீர் நிறைந்திருப்பதைக் கண்டதாக அவர் அறிக்கை அனுப்பினார். அடிலெய்டு நகரம் மகிழ்ச்சியில் திளைத்தது. அவருடைய மேலதிகாரியான ஆர்தர் ஃப்ரீலிங் அதே ஆண்டில் ஒரு படகையும் எடுத்துக்கொண்டு அங்கே சென்றார். அவர் கண்டது ஆழமற்ற நீரும் சேறுமே. படகு மிதக்கவும் இடமில்லை. கோய்டரின் கண்ணை ஒரு மழையும் கானல்நீரும் சேர்ந்து ஏமாற்றியிருந்தன.

பிரியமானவர்களே, இந்த நிகழ்ச்சியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நல்ல பருவத்தைக் கண்டு ஒரு தேசத்தின் இயல்பை முடிவுசெய்யக் கூடாது என்பதைக் கோய்டர் மற்ற எவரையும்விட அருமையாய்க் கற்றுக்கொண்டார். அவர் ஒதுங்கிப்போகவில்லை. 1861-இல் தலைமை நிலஅளவையாளராக நியமிக்கப்பட்டு, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அப்பொறுப்பை வகித்தார்.

செடிகள் சொன்ன சாட்சி

1860-களின் நடுவில் வடபகுதியைக் கடும் வறட்சி தாக்கியது. ஆயிரக்கணக்கான ஆடுகள் மடிந்தன. நிலத்தை அரசிடமிருந்து குத்தகைக்கு எடுத்திருந்த ஆட்டுப்பண்ணை முதலாளிகள் வாடகைச் சலுகை கேட்டார்கள். வறட்சி எதுவரை பரவியிருக்கிறது என்று வரையறுத்துச் சொல்லும் பொறுப்பு கோய்டரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1865 நவம்பரில் அவர் புறப்பட்டார். குதிரையில் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் பயணம் செய்ததாகக் கணக்கிடப்படுகிறது. டிசம்பர் 6-ஆம் தேதி அறிக்கையையும் வரைபடத்தையும் அரசிடம் சமர்ப்பித்தார்.

அந்த வரைபடத்தில் ஒரு கோடு இருந்தது. இன்று அது மேற்கே செடூனாவின் அருகில் தொடங்கி, கிறிஸ்டல் புரூக், ஒரோரூ ஆகிய ஊர்ப்பக்கமாய் வளைந்து வடக்கே ஏறி, மீண்டும் இறங்கி பீட்டர்பரோ, பர்ரா ஊர்களைக் கடந்து, தென்கிழக்கே பின்னரூவின் அருகில் விக்டோரியா எல்லையை அடைவதாகக் காட்டப்படுகிறது. கோட்டுக்குத் தெற்கே பயிர் செய்யலாம், வடக்கே மேய்ச்சல் மட்டுமே நிலைக்கும் என்பதே அதன் பொருளாயிற்று. இதற்கே "கோய்டரின் கோடு" என்று பெயர் வந்தது.

அவர் அதை எப்படி வரைந்தார் என்பதே வியப்புக்குரியது. வடக்கே அப்போது மழைமானிகள் மிகச் சிலவே. இருந்தவையும் சில ஆண்டுகளின் கணக்கையே வைத்திருந்தன. ஆகவே கோய்டர் செடிகளைப் பார்த்தார். மாலீ எனப்படும் குட்டையான யூகலிப்டஸ் மரங்கள் எங்கே முடிகின்றன, வறட்சியைத் தாங்கும் உப்புப்புதர்கள் எங்கே தொடங்குகின்றன என்று கவனித்தார். மழைமானி சில ஆண்டுகளை மட்டுமே அறியும். ஓரிடத்தில் வேரூன்றி, பல தலைமுறைகளாய்ப் பஞ்சத்தையும் நிறைவையும் கண்டு, அவற்றில் பிழைத்தது எது, பிழைக்காதது எது என்று காட்டி நிற்கும் செடிகொடிகளோ நீண்ட காலத்தின் சாட்சிகள். பிற்காலத்தில் மழைக்கணக்குகள் சேர்ந்தபோது, ஆண்டுக்கு ஏறத்தாழ 250 முதல் 300 மி.மீ. வரை மழை பெறும் இடங்களை இணைக்கும் கோட்டோடு அவருடைய கோடு பெரிதும் ஒத்துப்போனது.

இத்தனை குறைந்த மழையில் கோதுமை விளையுமா என்று நீங்கள் கேட்கலாம். குளிர்காலத்தில் பெய்தால் விளையும். குளிரில் நீர் ஆவியாவது குறைவு. பெய்த ஈரம் மண்ணில் தங்கி வேரைச் சேரும். கோட்டின் அருகேயுள்ள யோங்காலா என்னும் ஊரில் 1976 ஜூலையில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 8.2 டிகிரிக்கு இறங்கியது. இன்றளவும் அந்த மாநிலத்தில் பதிவான மிகக் கடுங்குளிர் அதுவே. ஆனால் கோட்டுக்கு வடக்கே போகப்போக, குளிர்கால மழையின் ஒழுங்கு குலைகிறது. ஓர் ஆண்டு கோடையில் பெருவெள்ளமாய்ப் பெய்யும், மூன்று ஆண்டுகள் பெய்யாது. சராசரி எவ்வளவு என்பதைக் காட்டிலும், ஏற்ற வேளையில் பெய்யுமா என்பதே விவசாயியின் ஜீவன். மழை ஏற்ற காலத்தில் வருவதை வேதம் தேவனுடைய தனி ஈவாகப் பேசுவதும் இதனால்தான்.

அந்த ஒழுங்கின்மைக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். அங்கே கன்யாகா என்றொரு பெரிய ஆட்டுப்பண்ணை இருந்தது. அதை நிறுவிய ஹியூ புரோபி என்னும் இளைஞர் 1852-இல் இடிமழையில் பெருகிய வில்லோக்ரா ஓடையைக் குதிரையில் கடக்கும்போது வெள்ளத்தில் அடித்துச்செல்லப்பட்டு மாண்டார். பின்னாளில் அதே பண்ணையில் ஆடுகள் தண்ணீரின்றிச் செத்தன. இறுதியில் அது கைவிடப்பட்டது. நிறுவியவர் வெள்ளத்தில் மடிந்தார், பண்ணை வறட்சியில் மடிந்தது. அந்த நிலத்தின் தன்மை அது.

ஏருக்குப் பின்னே மழை வருமா?

சில ஆண்டுகள் கழித்து நல்ல மழைக்காலங்கள் வந்தன. கோதுமைக்கு நல்ல விலை இருந்தது. தவணைமுறையில் நிலம் வாங்க 1869-இல் சட்டம் வழிவகுத்திருந்தது. ஒரு குடும்பம் 640 ஏக்கர் வரை எடுத்துக்கொள்ளலாம். 1872-இல் வந்த சட்டம் அந்தத் தவணை நிலத்துக்குக் கோய்டரின் கோட்டை வட எல்லையாக வைத்தது. கோட்டுக்கு அப்பாலோ மழை பெய்து பசுமையாய்க் கிடந்தது. ஏன் அங்கே எங்களை விடமாட்டீர்கள் என்று ஜனங்கள் கேட்டார்கள். கோய்டரைக் கேலி செய்தார்கள். 1874-இல் சட்டமன்றம் அந்த எல்லையை நீக்கியது.

அக்காலத்தில் அமெரிக்காவின் வறண்ட சமவெளிகளிலும் ஆஸ்திரேலியாவிலும் ஒரு கருத்து பரவியிருந்தது. ஏர் எங்கே செல்கிறதோ அங்கே மழை பின்தொடரும் என்பதே அது. நிலத்தை உழுதால் அது ஈரத்தை உறிஞ்சும், அந்த ஈரம் காற்றில் எழும், காற்று மேகமாகும், மேகம் மழையாகும் என்று படித்தவர்களும் எழுதினார்கள். கேட்கிறவர்களுக்கு அது இனிமையாயிருந்தது. உழைப்பாளியின் வியர்வைக்கு வானம் கட்டாயம் பதில் சொல்லும் என்றல்லவா அது சொல்லுகிறது! நிலம் விற்க விரும்பியவர்களுக்கும் அது இனிமையாயிருந்தது.

குடும்பங்கள் வண்டிகட்டி வடக்கே போயின. வில்லோக்ரா சமவெளியிலும் அதற்கு அப்பாலும் ஹேமண்ட், கோர்டன், வில்சன், கிராடாக், கேரிட்டன் என்று புதிய ஊர்கள் வரைபடங்களில் முளைத்தன. மரம் அரிதான நாடாகையால் கல்லால் வீடு கட்டினார்கள். 1879-இல் ரயில்பாதை குவோர்னை எட்டியது. எல்லாவற்றுக்கும் வடக்கே, 1878-இல், ஓர் ஊருக்கு அளவுக்கல் நாட்டி ஃபரினா என்று பெயரிட்டார்கள். லத்தீன் மொழியில் அச்சொல்லுக்கு மாவு என்று பொருள். அங்கே கோதுமை விளைந்து மாவாய்க் குவியும் என்ற நம்பிக்கையில் வைத்த பெயர் அது.

1880-க்குப் பின் மழை தவறத் தொடங்கியது. உழுத நிலத்திலிருந்து மேல்மண் காற்றில் பறந்தது. அறுவடையில் விதைக்கோதுமையும் திரும்பாத ஆண்டுகள் வந்தன. தவணைப்பணம் கட்டமுடியாமல் நிலத்தை அரசிடமே ஒப்படைத்துவிட்டு, வந்த வழியே குடும்பங்கள் தெற்கே திரும்பின. நின்றவர்களில் பலரை 1890-களின் வறட்சி விரட்டியது. ஃபரினாவுக்கு 1882-இல் ரயில் வந்தது, அதனால் அவ்வூர் சிலகாலம் பிழைத்தது. கோதுமையால் அல்ல. இன்று அது இடிந்த சுவர்களின் ஊர். கோட்டுக்கு வடக்கே பயணம் செய்கிறவர்கள் வெட்டவெளியில் கூரையில்லாத கல்வீடுகளை இன்றும் காணலாம். அவற்றில் கணப்படுப்பும் புகைபோக்கியும் மட்டும் நிமிர்ந்து நிற்கும்.

கோய்டர் 1898-இல் காலமானார். அவர் சொன்னது சரி என்று அதற்குள் யாவரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். சாலையோரங்களில் கோட்டைக் குறிக்கும் நினைவுக்கற்கள் இன்று இருக்கின்றன. ஓர் உள்ளாட்சிப் பகுதியே அவர் பெயரால் அழைக்கப்படுகிறது.

இதில் நமக்கு என்ன?

பிரியமானவர்களே, இந்தச் சரித்திரத்தை நாம் ஜாக்கிரதையாய் வாசிக்கவேண்டும். வடக்கே போய் நொடிந்தவர்கள் தேவபயம் இல்லாதவர்கள் என்று யாரும் எண்ணவேண்டாம். தென் ஆஸ்திரேலியா அந்நாட்களில் மெதடிஸ்ட் சபையாரும் லுத்தரன் சபையாரும் நிறைந்த குடியேற்றம். நம்மைப்போல ஜெபித்தவர்கள், ஓய்வுநாளை ஆசரித்தவர்கள் அவர்களில் அநேகர். மழை நின்றதற்கு அவர்கள் பாவமே காரணம் என்று சொல்ல நமக்கு அதிகாரமில்லை. நீதியுள்ளவர் நிலத்திலும் அநீதியுள்ளவர் நிலத்திலும் ஒரே பிதா மழையை அனுப்புகிறார் என்று ஆண்டவர் சொன்னார் (மத்தேயு 5:45). சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்டவர்களை மற்றவர்களைக் காட்டிலும் பெரிய பாவிகளாக நினைப்பதையும் அவர் மறுத்தார் (லூக்கா 13:4-5). துன்பப்படுகிறவனைக் குற்றவாளியாக்குவது யோபுவின் நண்பர்கள் செய்த வேலை. அது நம் வேலையாக இருக்கலாகாது.

அப்படியானால் எங்கே தவறிற்று? விசுவாசத்துக்கும் துணிகரத்துக்கும் உள்ள வித்தியாசம் மறைந்தபோது தவறிற்று. விசுவாசம் தேவன் சொன்னதைப் பற்றிக்கொள்ளுகிறது. துணிகரமோ நாம் விரும்பியதைத் தேவன் சொன்னதாக வைத்துக்கொள்ளுகிறது. வெளியே பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டும் தைரியமாய் நடக்கும், இரண்டும் வண்டிகட்டிப் புறப்படும். வித்தியாசம் வறட்சி வந்த பிறகே தெரியும்.

ஈசாக்கைப் பாருங்கள். பஞ்சகாலத்தில், வனாந்தரத்தின் ஓரத்திலிருந்த கேரார் தேசத்தில் அவர் விதை விதைத்தார். அந்த வருஷத்தில் நூறுமடங்கு பலன் கண்டார் (ஆதியாகமம் 26:12). எல்லைக்கு அப்பால் விதைத்தவர்களுக்கு இது நல்ல ஆதாரமல்லவா என்று கேட்கலாம். ஆனால் அதே அதிகாரத்தின் தொடக்கத்தை வாசியுங்கள். எகிப்துக்குப் போகாதபடிக்கும் அந்தத் தேசத்திலேயே தங்கும்படிக்கும் தேவன் அவருக்குத் தரிசனமாகிச் சொல்லியிருந்தார். ஈசாக்கு நின்றது அந்த வார்த்தையின்மேல். அதோடு, விளைச்சல் கண்டபின் அவர் என்ன செய்தார்? தூர்ந்துபோன துரவுகளைத் தோண்டினார். ஒன்றைப் பறித்தால் இன்னொன்றைத் தோண்டினார். ஆசீர்வாதம் பெற்ற மனிதர் தண்ணீருக்காக உழைத்தார்.

வடக்கே சென்றவர்களுக்கு அப்படிப்பட்ட வார்த்தை எதுவும் கொடுக்கப்படவில்லை. அவர்களுக்கு இருந்தது மூன்று நான்கு நல்ல பருவங்களும், ஓர் இனிமையான கோட்பாடும், தவணைமுறைச் சட்டமும்தான். இன்று நம் நடுவிலும் இதே கோட்பாடு வேறு உடையில் உலாவுகிறது. நீ விதைத்தால் தேவன் கட்டாயம் பெய்தாகவேண்டும் என்று அது சொல்லுகிறது. கடன் வாங்கியாவது காணிக்கையை விதை, நூறுமடங்கு திரும்பும் என்கிறது. தொழிலை விரிவாக்கு, கணக்குப் பார்ப்பது அவிசுவாசம் என்கிறது. மருந்தை நிறுத்து, அதுவே உன் விசுவாசத்துக்கு அடையாளம் என்கிறது. ஏருக்குப் பின்னே மழை வரும் என்ற அதே பாட்டுத்தான் இது. தேவனைப் பரலோகப் பிதாவின் ஸ்தானத்திலிருந்து இறக்கி, நம் முயற்சிக்குப் பின்னால் நடந்துவரும் வேலைக்காரனாக்குகிற போதனை இது.

தேவாலயத்து உப்பரிகையில் சாத்தான் ஆண்டவரிடத்தில் இதைத்தான் கேட்டான். வாக்குத்தத்தம் இருக்கிறதே, குதித்துப் பாரும் என்றான். அவன் எடுத்துக்காட்டியது வேதவசனமே. ஆனாலும் தேவனைப் பரீட்சை பார்க்கலாகாது என்று ஆண்டவர் மறுத்துவிட்டார் (மத்தேயு 4:5-7). தம்மைத் தாங்கும் பிதாவின் கரத்தை அவர் சந்தேகிக்கவில்லை. அந்தக் கரத்தைச் சோதித்துப் பார்க்கும் அவசியம் அவருக்கு இருக்கவில்லை.

நம் குடும்பங்களில் இது எவ்வளவு நெருங்கிய காரியம் என்று நீங்கள் அறிவீர்கள். ஓர் ஆண்டு வியாபாரம் நன்றாக நடந்தால், எல்லா ஆண்டும் அப்படியே நடக்கும் என்று எண்ணிக் கடன் எழுதிக்கொடுக்கிறோம். பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்த முதல் வருஷத்திலேயே, இருபது வருஷத் தவணையில் வீடு வாங்குகிறோம். செழிப்பான ஆண்டுகள் வந்தபோது யோசேப்பு என்ன செய்தார்? ஏழு வருஷ நிறைவைத் தேவனே அனுப்புகிறார் என்று அவர் நிச்சயமாய் அறிந்திருந்தார். ஆனாலும் விளைந்ததில் ஐந்தில் ஒரு பங்கைக் களஞ்சியத்தில் சேர்த்துவைத்தார் (ஆதியாகமம் 41). நிறைவின் வருஷங்களைப் பஞ்சத்தின் வருஷங்களுக்கு முன்னேற்பாடாகவே கொடுத்தார் தேவன். அதைப் புரிந்துகொண்டது யோசேப்பின் விசுவாசம். கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கிறவனை ஆண்டவரும் அவிசுவாசி என்று சொல்லவில்லை (லூக்கா 14:28-30).

ஜெபமும் வாய்க்காலும்

இன்னொரு காரியம். பக்கத்து விக்டோரியாவில் 1882-ஆம் ஆண்டின் வறட்சியில், மழைக்காகச் சிறப்பு ஜெபம் ஏறெடுக்கும்படி மெல்பர்ன் பேராயர் ஜேம்ஸ் மூர்ஹவுஸ் அவர்களைக் கேட்டார்கள். அவர் இணங்கவில்லை. பெய்கிற மழையைத் தேக்கிவைக்காமல் ஓடவிட்டுவிட்டுத் தேவனிடத்தில் இன்னும் கேட்பதென்ன, முதலில் அணைகட்டி நீரைக் காப்பாற்றுங்கள் என்பதே அவர் நிலை. நீர்ப்பாசனத்துக்காக அவர் ஊக்கமாய்ப் பேசினார். அவருடைய மறுப்பு அந்நாளில் பலருக்கு அதிர்ச்சி தந்தது.

அவர் செய்தது முழுவதும் சரியென்று நான் சொல்லமாட்டேன். மழைக்காக ஜெபிப்பது வேதத்துக்கு ஒத்ததே. எலியா முழங்காலில் நின்று ஜெபித்தார், மழை வந்தது. ஆனால் எலிசாவையும் நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரின்றித் தவித்த மூன்று ராஜாக்களின் சேனைக்குத் தண்ணீர் தருவதாகத் தேவன் சொன்னபோது, பள்ளத்தாக்கெங்கும் வாய்க்கால்களை வெட்டும்படி முதலில் கட்டளை பிறந்தது (2 இராஜாக்கள் 3:16-20). காற்றையும் காணவில்லை, மழையையும் காணவில்லை. ஆனாலும் வெட்டிய பள்ளங்கள் காலையில் நிரம்பியிருந்தன. வெட்டாதவனுடைய ஜெபம் பாதி ஜெபம். ஜெபிக்காதவனுடைய வாய்க்கால் வெறும் பள்ளம். ஆண்டவர் இவ்விரண்டையும் நம் கையில் ஒன்றாகவே கொடுத்திருக்கிறார்.

கோட்டுக்கு அப்பாலும் போனவர்கள்

இதைக் கேட்டு, எல்லைக்கு உள்ளேயே பத்திரமாய் இருந்துவிடுவதுதான் கிறிஸ்தவ ஜீவியமோ என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஆகவே கடைசியாக ஒரு சாட்சி. கோய்டர் தம் கோட்டை வரைந்த அடுத்த ஆண்டில், 1866-இல், லுத்தரன் மிஷனெரிகள் தெற்கேயுள்ள பரோசா பள்ளத்தாக்கிலிருந்து வடக்கே புறப்பட்டார்கள். அவர்கள் போனது ஃபரினாவுக்கும் வெகு வடக்கே, கூப்பர் ஓடையருகே, கில்லல்பனின்னா என்னும் இடத்துக்கு. தியாரி என்னும் ஆதிக்குடி மக்களின் நாடு அது. கோதுமை விளையும் என்று எண்ணி அவர்கள் போகவில்லை. பண்ணைக்காரர்களின் வருகையால் நிலத்தையும் நீரையும் இழந்துகொண்டிருந்த ஒரு ஜனத்துக்குச் சுவிசேஷத்தைச் சொல்லப் போனார்கள்.

மோதல்களினிமித்தம் ஒருமுறை அவ்விடத்தை விட்டு விலகவும் நேர்ந்தது. திரும்பவும் வந்தார்கள். வறட்சியும் மணற்புயலும் அவர்களையும் விடவில்லை. முதலாம் உலகப்போரின் நாட்களில் அந்த மிஷன் முடிவுக்கு வந்தது. இன்று அங்கேயும் இடிபாடுகளே. ஆனால் ஒன்று மிஞ்சியது. கார்ல் ஸ்ட்ரேலோ, யோகான் ராய்தர் என்னும் இரு மிஷனெரிகள் தியாரி மக்களோடு வாழ்ந்து, அவர்கள் மொழியைக் கற்று, புதிய ஏற்பாடு முழுவதையும் அம்மொழியில் மொழிபெயர்த்தார்கள். 1897-இல் அது அச்சேறியது. ஆஸ்திரேலிய ஆதிக்குடி மொழி ஒன்றில் முழுமையாக வெளிவந்த முதல் புதிய ஏற்பாடு அதுவே.

ஆகவே கோய்டரின் கோடு கோதுமைக்குத்தான் எல்லை. கீழ்ப்படிதலுக்கு அது எல்லையல்ல. தேவன் அழைத்தால் கோட்டைக் கடந்தும் போகவேண்டும். அங்கே விளையாத கோதுமையை எதிர்பாராமல், வரப்போகும் வறட்சியை அறிந்தே போகவேண்டும். கோட்டுக்கு அப்பால் போகிற ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி ஒன்றுதான்: என்னை அனுப்பினது ஆண்டவருடைய வார்த்தையா, அல்லது கடந்த மூன்று வருஷத்தின் மழையா?

இவ்வாரத்தில் ஏதேனும் ஒரு பெரிய தீர்மானம் உங்கள் முன் இருக்கலாம். கையெழுத்திடவேண்டிய கடன்பத்திரம் இருக்கலாம். யாரோ ஒருவர் உங்களுக்குச் சொன்ன இனிமையான தீர்க்கதரிசனம் இருக்கலாம். அவசரப்படாதிருங்கள். கோய்டர் உப்புப்புதர்களிடம் கேட்டதுபோல, நெடுங்காலத்தின் சாட்சிகளிடம் கேளுங்கள். வேதத்தை முழுவதுமாய் வாசியுங்கள், உங்களுக்குப் பிடித்த வசனத்தை மட்டும் அல்ல. பஞ்சத்தையும் நிறைவையும் கண்ட சபையின் மூப்பர்களிடம் பேசுங்கள். உங்கள் மனைவியிடமோ கணவனிடமோ கணக்கைத் திறந்து காட்டுங்கள். ஏற்கெனவே கோட்டைக் கடந்துபோய், கதிரற்ற வயலில் நிற்கிறவர்கள் நம்மில் இருப்பீர்களானால், வெட்கத்தினால் அங்கேயே நின்றுவிடாதிருங்கள். திரும்பி வருகிறவனைத் தூரத்திலே கண்டு ஓடிவரும் பிதா நமக்கு உண்டு. நம் சபையும் அப்படியே ஓடிவந்து ஏற்றுக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறது. உங்கள் பாரத்தைத் தயங்காமல் என்னிடத்திலாவது மூப்பர்களிடத்திலாவது சொல்லுங்கள்.

விவசாயி முன்மாரிக்கும் பின்மாரிக்கும் பொறுமையாய்க் காத்திருப்பதை யாக்கோபு நமக்கு மாதிரியாக வைக்கிறார் (யாக்கோபு 5:7). காத்திருக்கிற விவசாயி கைகட்டி நிற்பதில்லை. பருவம் அறிந்து உழுகிறான், பருவம் அறிந்து விதைக்கிறான். மழையோ தன் கையில் இல்லை என்பதை அறிந்திருக்கிறான்.

ஜெபிப்போம்: பருவங்களைக் கட்டளையிடுகிற எங்கள் பிதாவே, நீர் தந்த நல்ல வருஷங்களுக்காக உமக்கு ஸ்தோத்திரம். அவற்றைத் தப்பாய் வாசிக்காதபடி எங்களுக்கு ஞானத்தைத் தாரும். எங்கள் ஆசைகளை உம்முடைய வார்த்தை என்று சொல்லாதபடி எங்கள் நாவைக் காத்தருளும். நீர் போ என்று சொல்லும்போது வறண்ட நிலத்துக்கும் போகிற கீழ்ப்படிதலையும், நில் என்று சொல்லும்போது நிற்கிற பொறுமையையும் தாரும். விளைச்சல் இழந்து தவிக்கிற குடும்பங்களைத் தாங்கியருளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், எங்கள் பிதாவே, ஆமென்.